ஹலாலும் தய்யிபும்

திருமறையில் உணவைப் பற்றி வரும் கட்டளைகளை ஊன்றிக் கவனிப்போர் ஓர் உண்மையைக் காண்பார்கள். உண்ணும்படி அடியார்களுக்கு அனுமதி வழங்கும்போது அல்லாஹுத்தஆலா ‘ஹலால்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 168-ஆம் வசனத்தில் மனித குலம் முழுவதையும் அழைத்துப் பேசும்போதும், அல்மாயிதா 88-ஆம் வசனத்திலும் அந்நஹ்ல் 114-ஆம் வசனத்திலும் பேசும்போதும், ‘ஹலால்’ என்பதை அடுத்து ‘தய்யிப்’ என்ற சொல்லையும் சேர்த்தே வைக்கின்றான். ஹலால் என்றால் மார்க்கம் அனுமதித்தது. தய்யிப் என்றால் நல்லது, தூயது, நலம் தருவது. உடலுக்கும் அறிவுக்கும் தீங்கு செய்யாதது என்று இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் அச்சொல்லுக்கு விளக்கம் தருகின்றார்கள்.

முதற்சொல்லை நாம் பேணி வருகிறோம். அல்ஹம்து லில்லாஹ்! கறிக்கடைக்குப் போனால் அறுத்தவர் யார், பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தாரா என்று விசாரிக்கின்றோம். வெளியூர் போனால் முஸ்லிம் உணவுக்கடை எங்கே என்று தேடி அலைகின்றோம். ஆனால் அடுத்த சொல்லைப் பற்றி நம் இல்லங்களில் யாராவது விசாரிக்கின்றார்களா? ‘இன்று நம் வீட்டில் சமைத்தது தய்யிபானதா? அது வீட்டிலுள்ள ஒவ்வொருவர் தட்டுக்கும் போய்ச் சேர்ந்ததா?’ என்று கேட்ட குடும்பத் தலைவர்கள் எத்தனை பேர்?

குகைவாசிகளின் வரலாற்றை நாம் ஜும்ஆ நாட்களில் ஓதி வருகின்றோம். அல்கஹ்ஃபு அத்தியாயத்தின் 19-ஆம் வசனத்தை எண்ணிப் பாருங்கள். நெடுங்காலம் உறங்கி எழுந்த அந்த இளைஞர்களுக்கு நல்ல பசி. ஊருக்குள் போனால் பிடிபட்டுவிடுவோமோ என்ற அச்சம் வேறு. அந்த நிலையிலும் வெள்ளிக் காசைக் கொடுத்துத் தம்மில் ஒருவரை அனுப்பும்போது, கிடைத்ததை வாங்கி வா என்று அவர்கள் சொல்லவில்லை. ஊரில் மிகத் தூய்மையான உணவு எது என்று பார்த்து வாங்கி வரும்படிதான் சொல்லி அனுப்பினார்கள். பசியும் பயமும் ஒருசேர வாட்டியபோதும் உணவின் தரத்தை விசாரித்த அவர்களது பண்பை அல்லாஹ் தன் வேதத்தில் பதிவு செய்து வைத்திருக்கின்றான் என்றால், அதில் நமக்குப் படிப்பினை இல்லாமலா போகும்?

குன்னூரின் ஒற்றை அறை

எந்த உணவு நல்லது என்ற இதே கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, நம் தமிழகத்தின் நீலகிரி மலையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. உதகைக்குச் செல்வோர் குன்னூரில் இறங்கி சிம்ஸ் பூங்காவைப் பார்த்திருப்பார்கள். அதன் அருகில்தான் 1907-ல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையம் இருக்கிறது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தந்த இடமென்றே பலரும் அதை அறிவர். அந்நிலையத்தின் ஓர் ஒற்றை அறையில் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் ‘பெரிபெரி’ நோயைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் சோர்ந்து மனிதனை வீழ்த்தும் நோய் அது. தீட்டிய வெள்ளை அரிசியை மட்டுமே நம்பி வாழ்ந்தோரை அது பிடித்தது.

அந்த ஒற்றை அறை 1928-ல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. இந்திய நாட்டில் எந்தப் பண்டத்தில் என்ன சத்து இருக்கிறது என்று இன்று பாடப் புத்தகங்களில் படிக்கும் செய்திகளுக்கெல்லாம் வேர் குன்னூர் மண்ணில் இருக்கிறது.

மெக்காரிசன் செய்த சோதனைகளில் ஒன்று உலகப் புகழ் பெற்றது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் ஏழு வகை உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி என்று உண்ணும் பஞ்சாபியரின் உணவைப் பெற்ற எலிகள் நன்கு கொழுத்து, சராசரியாக 235 கிராம் எடை பெற்றன. தீட்டிய அரிசியை நிறையவும் பால், காய்கறிகளைக் கொஞ்சமாகவும் உண்ணும் நம் சென்னை மாகாணத்து உணவைப் பெற்ற எலிகள் 155 கிராமோடு எல்லாவற்றிலும் கடைசியில் நின்றன. வயிறு எல்லாவற்றுக்கும் நிறைந்துதான் இருந்தது. ஆனால் வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு என்பதை அந்த எலிகள் காட்டிவிட்டன.

1935-ல் மெக்காரிசன் ஓய்வு பெற்றபின் பொறுப்பேற்ற டாக்டர் ஆய்க்ராய்ட் என்பவரும் அவரது உதவியாளர்களும் அரிசியைப் பற்றி மேலும் ஆராய்ந்தனர். நெல்லைப் புழுக்கும்போது உமியை ஒட்டியுள்ள தவிட்டுச் சத்து அரிசியின் உள்ளே ஊறிப் போய்விடுகிறது. ஆகையால் புழுங்கல் அரிசியை ஆலையில் தீட்டினாலும் கழுவினாலும் அச்சத்து பெருமளவு தங்குகிறது. பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடுகிறது. நம் பாட்டிமார்கள் நெல்லைப் புழுக்கி, கஞ்சியை வடித்துக் கொட்டாமல் குடித்தது எவ்வளவு பெரிய நன்மை என்பதை அறிஞர்கள் கண்ணாடிக் குழாயில் கண்டு சொன்னார்கள்.

முஸ்லிம் பெண்களைப் பற்றிய ஒரு குறிப்பு

இனி நான் சொல்லப் போவதை ஒவ்வொரு முஸ்லிம் குடும்பமும் தனக்காகச் சொல்லப்பட்டதாகக் கருதிக் கேட்க வேண்டும்.

1928-ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகள் பலர் இரத்தம் சுண்டி, வெளிறி, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் மாண்டு கொண்டிருந்தனர். காரணம் என்ன என்று கண்டறிவதே அவருடைய வேலை. பல சமூகத்துப் பெண்களின் இரத்தத்தைச் சோதித்தார். அவர்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று கேட்டறிந்தார். அவர் கண்டது என்ன? பம்பாயின் ஏழை முஸ்லிம் பெண்களின் உணவுதான் எல்லாரையும்விடச் சத்துக் குறைந்திருந்தது. கர்ப்ப காலத்தில் இரத்தசோகைக்கு மிக அதிகமாக ஆளானவர்களும் அவர்களே.

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர் தம் ஆராய்ச்சியைக் குன்னூருக்கு, மெக்காரிசன் இருந்த அதே பாஸ்டர் நிலையத்துக்குக் கொண்டு வந்தார். 1931-ன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷாப் பெண்களுக்கென்றே நடந்து வந்த மருத்துவமனையில் பணியாற்றினார். இன்று அது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று வழங்குகிறது. பம்பாய்ப் பெண்களின் உணவைப் போன்ற உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றுக்கும் இரத்தம் சுண்டியது. ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் அவை தேறின. நோயுற்ற பெண்களுக்கு அதைக் கொடுத்தபோது அவர்களும் தேறினார்கள். 1931-ல் இதை அவர் உலகுக்கு அறிவித்தார்.

அந்தச் சாற்றில் இருந்த பெயர் தெரியாத சத்து எது? பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1941-ல் அமெரிக்க அறிஞர்கள் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்ற பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு ‘ஃபோலிக் அமிலம்’ என்று பெயரிட்டனர். லூசி வில்ஸ் தேடியது இதுவே என்று பின்னர் தெளிவாயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் குழுவினர் 1945-ல் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினர். எந்த நோயை இறக்கினாலும் அதற்கு நிவாரணத்தையும் அல்லாஹ் இறக்காமலில்லை என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதை புகாரி ஷரீஃபில் காண்கின்றோம். பம்பாய்ப் பெண்களைக் கொன்ற நோய்க்கு நிவாரணம் எங்கே இருந்தது? காலணாவுக்கு விற்ற கீரைக்கட்டில் இருந்தது!

சகோதரர்களே! ஒன்றைச் சிந்தியுங்கள். அந்தப் பெண்களின் வீடுகளில் ஹராம் நுழைந்ததா? பன்றி இறைச்சி உண்டார்களா? மது அருந்தினார்களா? இல்லை. ஹலாலில் ஒரு குறையும் இல்லாத வீடுகள் அவை. குறைந்தது தய்யிப். அந்தக் குறையே தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் ஒருசேர மண்ணறைக்கு அனுப்பியது.

கடைசித் தட்டு

‘அது வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சக் கதை. இன்று நம் வீட்டில் என்ன குறை?’ என்று சிலர் கேட்கலாம். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை என்று கூறுகிறது. தமிழகத்தில் அது நூற்றுக்கு 53. பாதிக்கு மேல்! பள்ளிகளும் மருத்துவமனைகளும் நிறைந்த மாநிலத்தில் இந்த நிலை. இது எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவான கணக்கு. நம் வீடு அதற்கு விலக்கு என்று எண்ணிக்கொள்ள நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

வறுமை ஒரு காரணம்தான். ஆனால் வறுமையில்லாத வீட்டில் நடப்பதையும் பார்ப்போம். முதலில் ஆண்களுக்கு விரிப்பு விரிக்கப்படுகிறது. கறியும் முட்டையும் அங்கே போகின்றன. பிறகு பிள்ளைகள். அதன்பின் மாமியார். எல்லாரும் உண்டு எழுந்தபின் சட்டியை வழித்துக்கொண்டு அடுப்படி ஓரத்தில் மருமகள் உட்காருகிறாள். அப்போது சட்டியில் எஞ்சியிருப்பது ஆணமும் எலும்பும்தான். அவள் வயிற்றிலோ ஓர் உயிர் வளர்கிறது! வலீமா விருந்துகளிலும் இதே வரிசைதான். ஆண்களின் சஹனில் கறி குவிந்திருக்கும். பெண்கள் பகுதிக்குச் சோறு போய்ச் சேரும்போது மணி மூன்றாகிவிடும். இதை யாரும் கொடுமை என்று நினைத்துச் செய்வதில்லை. வழக்கம் என்று நினைத்துச் செய்கின்றார்கள். ஆனால் வழக்கமெல்லாம் மார்க்கமாகிவிடுமா?

பரிமாறுகிறவர் கடைசியில் உண்பதுதானே சுன்னத் என்று சிலர் சொல்வதுண்டு. ஆம், மக்களுக்கு நீர் புகட்டுபவர் கடைசியில் அருந்த வேண்டும் என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது. ஆனால் அது எங்கே அருளப்பட்டது என்று பார்க்க வேண்டாமா? ஒரு பயணத்தில் தண்ணீர் தட்டுப்பட்டபோது பெருமானார் (ஸல்) அவர்களே தம் கரத்தால் நீரை ஊற்ற, அபூகதாதா (ரலி) அவர்கள் மக்களுக்கு வழங்கினார்கள். இருவர் மட்டுமே மிஞ்சியபோது, தாங்கள் அருந்தாமல் நான் அருந்த மாட்டேன் என்று அபூகதாதா (ரலி) அவர்கள் மறுத்தார்கள். அப்போதுதான் நாயகம் அவர்கள் அந்த விதியைச் சொல்லி, அவரை முதலில் அருந்தச் செய்து, தாம் கடைசியில் அருந்தினார்கள். முஸ்லிம் ஷரீஃபில் இச்சம்பவம் இருக்கிறது. பசியால் வாடிய அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கும் திண்ணைத் தோழர்களுக்கும் ஒரு கிண்ணம் பாலை முதலில் கொடுத்துவிட்டு, எஞ்சியதைத் தாம் பருகிய வரலாறு புகாரியில் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் கடைசியில் உண்டவர் யார்? கூட்டத்தின் தலைவர்! பலவீனமானவரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுத் தலைவர் முந்தியுண்டதற்கு இந்த ஹதீஸை ஆதாரமாகக் காட்டுவது எப்படிப் பொருந்தும்?

தாய் தன் பிள்ளையைப் பலவீனத்தின் மேல் பலவீனமாகச் சுமக்கின்றாள் என்ற கருத்தை லுக்மான் அத்தியாயத்தின் 14-ஆம் வசனம் உணர்த்துகின்றது. அந்தப் பலவீனத்தைப் போக்கும் கடமை யாருக்கு? பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிப்பது பிள்ளையின் தகப்பன் மீது பொறுப்பு என்று அல்பகரா 233-ஆம் வசனம் விதிக்கின்றது. தலாக் சொல்லப்பட்ட பெண்ணும் கர்ப்பிணியாக இருந்தால் அவள் பிரசவிக்கும் வரை அவளுக்குச் செலவு செய்ய வேண்டும் என்று அத்தலாக் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் கட்டளையிடுகின்றது. உறவு முறிந்து போனவளுக்கே இந்த உரிமை என்றால், உங்கள் கூரையின் கீழ் உங்களுக்குச் சமைத்துப் போட்டுக் கொண்டிருப்பவளுக்கு எவ்வளவு உரிமை இருக்க வேண்டும்!

மனைவிக்குரிய உரிமை என்ன என்று ஒரு தோழர் கேட்டபோது, நீ உண்ணும்போது அவளுக்கும் உண்ணக் கொடுப்பது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அபூதாவூதில் உள்ள ஹதீஸ் இது. ‘நீ உண்ணும்போது’ என்பதைக் கவனியுங்கள். நீ உண்டு முடித்து, ஏப்பமிட்டு, எழுந்து போன பிறகு என்றல்ல! மக்காவில் நோயுற்றிருந்த ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களிடம், மனைவியின் வாயில் வைக்கும் ஒரு கவளத்துக்கும் அல்லாஹ்விடம் நற்கூலி உண்டு என்று அருளினார்கள். பணக்காரக் கணவரின் கஞ்சத்தனத்தை முறையிட வந்த ஹிந்து (ரலி) அவர்களுக்கு, தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள அனுமதி வழங்கினார்கள். தன் பொறுப்பில் உள்ளவர்களின் உணவைப் பாழாக்குவதே ஒரு மனிதனுக்குப் போதுமான பாவம் என்ற கருத்திலும் ஹதீஸ் வந்திருக்கிறது. வெளியே மதரஸாவுக்கும் பள்ளிவாசலுக்கும் வாரி வழங்கிவிட்டு, வீட்டுக்குள் ஒருத்தியை வெளிறிப்போக விடுகிறவர் இதை எண்ணி நடுங்க வேண்டாமா?

தேநீரைப் பற்றி

நீலகிரி என்றாலே தேயிலை. மலையை மறைத்துக் கிடக்கும் பசுந்தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். விடியற்காலை ஒரு வர்க்கியும் ஒரு கிளாஸ் தேநீரும் குடித்துவிட்டுக் குளிரிலும் மழையிலும் கூடை சுமக்கப் போகிறவர்கள் அவர்கள். மலையில் மட்டுமல்ல, கீழே நம் ஊர்களிலும் இல்லத்தரசிகளுக்குக் காலை ஆகாரம் பெரும்பாலும் தேநீர்தான். பசியை அடக்கிவிடுகிறது. ஆனால் பசியடங்கியதும் சத்து சேர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை.

தேநீர் ஹலால்தான். அதில் ஐயமில்லை. ஆனால் அதற்கும் நேரம் இருக்கிறது. உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தால், அதிலுள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. இதை 1975-ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் மனிதர்களிடம் சோதித்துக் காட்டினர். உண்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடித்தால் அந்தத் தடை குறைகிறது என்று 2017-ல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு கூறுகிறது. இதற்கு மாறாக, எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றின் புளிப்புச் சத்து இரும்பு உடலில் சேரத் துணை செய்கிறது. ஆகவே, சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் தேநீர்க் கோப்பையை வைப்பதற்குப் பதில் ஓர் எலுமிச்சைத் துண்டை வையுங்கள். காசு மிச்சம், சத்தும் மிச்சம்!

தேயிலை வியாபாரிகளாகவும் தேநீர்க் கடைக்காரர்களாகவும் நம்மவர்கள் பலர் இருக்கின்றார்கள். அவர்களுக்கும் ஒரு சொல். பயன்படுத்தி எறிந்த தூளை உலர்த்திச் சாயம் ஏற்றி விற்பதும், நல்ல தூளில் நிறம் கலப்பதும் நீண்ட நாள் மோசடிகள். தேயிலைக் கழிவு தவறான வழியில் சந்தைக்கு வராமல் தடுக்க 1959-லேயே அரசு தனிக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. மதீனத்துக் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. நனைந்ததை மேலே வைத்து மக்கள் பார்க்கும்படி விற்றிருக்கலாமே என்று கண்டித்து, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். உணவுப் பொருளைக் குவியலுக்குள் கைவிட்டுச் சோதித்த முதல் ஆய்வாளர் நம் நாயகம் அவர்கள்தாம் என்றால் மிகையாகாது. மழையில் நனைந்ததை மறைத்ததற்கே அந்தக் கண்டிப்பு என்றால், வேண்டுமென்றே சாயம் கலப்பவரின் நிலை என்ன?

வீட்டிலும் சோதித்துக் கொள்ளலாம். ஒரு வடிதாளின் மேல் சிறிது தேயிலைத் தூளைப் பரப்பி, தாள் நனையும்படி நீர் தெளியுங்கள். பிறகு தூளை நீக்கிவிட்டுத் தாளைக் குழாய் நீரில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் ஏற்றிய தூள் கறையை விட்டுப் போயிருக்கும். நல்ல தூள் கறை விடாது.

நோன்பும் மாத்திரையும்

நம் பெண்களிடம் உள்ள இரண்டு தயக்கங்களையும் இங்கே தீர்த்து வைக்க வேண்டும்.

ஒன்று, நோன்பு. கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ தன் உடலுக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சினால், ரமளான் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்துகொள்ள மார்க்கம் அனுமதி வழங்கியிருக்கிறது. ஹனஃபீ மத்ஹபின்படி களா மட்டும் போதும். ஷாஃபிஈ மத்ஹபின்படி, தனக்காக அஞ்சி விட்டால் களா மட்டும். பிள்ளைக்காக மட்டுமே அஞ்சி விட்டால் களாவுடன், நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம் ஃபித்யாவும் கொடுக்க வேண்டும். இரத்தம் குறைந்திருக்கிறது என்று மருத்துவர் எச்சரித்த பிறகும், அக்கம்பக்கத்தார் ஏசுவார்களே என்று அஞ்சி நோன்பு வைக்கிறவள், அல்லாஹ் தந்த சலுகையை மனிதர்களுக்குப் பயந்து மறுக்கிறாள். அப்படி ஏசுகிறவர்கள் அவளுடைய பலவீனத்துக்குப் பங்காளிகள் ஆகிறார்கள். ஐயமிருப்பவர்கள் தம் மருத்துவரிடமும் ஊர் ஆலிமிடமும் தனித்தனியே கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்.

மற்றொன்று, மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைகளை இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2018-ல் வகுக்கப்பட்ட அரசுத் திட்டத்தின்படி ஒரு மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். கர்ப்ப காலத்தில் குறைந்தது 180 நாட்கள் உட்கொள்ள வேண்டும். குன்னூரிலும் பம்பாயிலும் தேடப்பட்ட அதே சத்துத்தான் இந்த மாத்திரையில் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் இது அலமாரியில் கிடந்து வீணாகிறது. ‘மலம் கறுப்பாகப் போகிறது’, ‘பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்’ என்று பெரியவர்கள் தடுக்கின்றார்கள். மலம் கறுப்பது உடலில் சேராத இரும்பினால்; அதனால் அச்சமில்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. குமட்டல் அதிகமானால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொரு செய்தியைப் புதுமணப் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். பிள்ளையின் முதுகுத் தண்டும் மூளையும் உருவாவது கர்ப்பத்தின் முதல் சில வாரங்களிலேயே. அதற்கு முன்பே தாயின் உடலில் ஃபோலிக் அமிலம் போதிய அளவு இருந்தால், தண்டுவடக் குறையோடு பிள்ளை பிறப்பதைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்று 1991-ல் பிரிட்டனில் வெளியான பெரும் ஆய்வு நிலைநாட்டியது. ஆகையால் கர்ப்பம் உறுதியான பிறகுதான் கவனிப்போம் என்று காத்திருக்காமல், நிக்காஹ் முடிந்த நாளிலிருந்தே மருத்துவர் ஆலோசனையுடன் தொடங்குவது நல்லது.

செய்ய வேண்டியவை

செலவு அதிகமில்லாமல் ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியவை இவை:

தினமும் உணவில் ஒரு கீரை அல்லது பருப்பு, பயறு இருக்கட்டும். முருங்கைக்கீரை நம் கொல்லையிலேயே கிடைக்கிறது. ஈஸ்ட் சாற்றைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. தேயிலை வருமுன் நீலகிரி மலைவாசிகள் விளைவித்து உண்ட ராகியும் சாமையும் கடைகளில் கிடைக்கின்றன. வாரத்தில் சில நாட்கள் அவற்றைச் சமைக்கலாம். அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கல் அரிசியைப் பயன்படுத்தி, பலமுறை கழுவுவதையும் கஞ்சியைக் கொட்டுவதையும் நிறுத்தலாம். ரமளானில் எண்ணெயில் பொரித்ததைக் குறைத்து, அரிசியும் பருப்பும் வெந்தயமும் கறியும் சேர்ந்த நோன்புக் கஞ்சிக்கே முதலிடம் தரலாம்.

தோட்டத்து மண்ணில் வெறுங்காலுடன் நடப்போருக்குக் கொக்கிப்புழு காலின் வழியே நுழைந்து குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். காலணி அணிவதும், வெளியில் மலம் கழிக்காமல் கழிப்பறையைப் பயன்படுத்துவதும், கையைக் கழுவுவதும் நம் தஹாரத்தின் பகுதிகளே.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெண்கள் மதரஸாக்களில் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரை அழைத்து இரத்தத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். வலீமாக்களில் பெண்களுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் பரிமாற வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். குத்பாவில் நஃபக்காவைப் பற்றிப் பேசும்போது, அது மாதச் சம்பளத்தைக் கையில் கொடுப்பதோடு முடிவதில்லை என்பதை எடுத்துரையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத் தலைவர்களே! இன்று இரவு விரிப்பில் உட்கார்ந்ததும் உடனே கையை வைத்துவிடாதீர்கள். அடுப்படியிலிருந்து உங்கள் மனைவியை, மருமகளை, மகளை வரச் சொல்லுங்கள். கறியில் முதல் துண்டை அவர்கள் தட்டில் நீங்களே எடுத்து வையுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் நற்கூலி உண்டென்று சொன்ன கவளம் அது. மருந்தும் அதுவே.

யா அல்லாஹ்! எங்கள் உணவை ஹலாலாகவும் தய்யிபாகவும் ஆக்குவாயாக! எங்கள் வீடுகளில் பலவீனத்தின் மேல் பலவீனத்தைச் சுமப்போருக்கு வலிமையைத் தருவாயாக! எங்கள் பொறுப்பில் நீ ஒப்படைத்தவர்களைக் குறித்து மறுமையில் நீ கேட்கும்போது தலைகுனியாதிருக்க எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!